கடைசி யூனிட்டின் விலை

கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்று வீட்டில் முடிவானதும் முதலில் நடப்பது, ஆளில்லாத அறையில் எரியும் விளக்குக்காகப் பிள்ளைகள் திட்டு வாங்குவது. அந்த விளக்கு 9 வாட் எல்.இ.டி. தினமும் பத்து மணி நேரம் எரிந்தாலும் பத்து நாளில் ஒரு யூனிட் ஆகாது. பக்கத்து அறையில் கதவிடுக்கு வழியே குளிரைக் கசியவிட்டுக்கொண்டு ஓடும் ஏ.சி. அதே ஒரு யூனிட்டை ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்துவிடும். விளக்கை அணைக்கச் சொல்வது நல்ல பழக்கம்தான். பில் அதனால் குறையாது.

இந்த அத்தியாயம் தமிழ்நாட்டு மின்வாரிய இணைப்பு உள்ள வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே எத்தனை யூனிட் மிச்சமாகிறது என்பதைவிட, அந்த யூனிட் எந்த இடத்திலிருந்து மிச்சமாகிறது என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் எந்தப் பொருளையும் வாங்கும் முன், தூக்கிப் போடும் முன், பில் எப்படிக் கணக்காகிறது என்று ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

500 என்ற கோடு

2024 ஜூலை 1 முதல் அமலான கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து இப்படித்தான். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 235 + 940 + 630, மொத்தம் 1,805 ரூபாய்.

501-வது யூனிட் ஓடிவிட்டால் வீடு வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறது. அங்கே 2.35 ரூபாய் படியே கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. பிறகு 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. இப்போது 501 யூனிட்டுக்குக் கூட்டினால் 2,048 ரூபாய் 40 காசு வருகிறது. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

கட்டணம் மாறும்போது இந்த எண்களும் மாறும். புது எண்களைப் போட்டு இதே கணக்கைத் திரும்பச் செய்தால் போதும். படி எங்கே இருக்கிறது, உங்கள் வீடு அந்தப் படிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதே கேள்வி. பழைய பில்களை எடுத்து, கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்லிலும் உள்ள யூனிட்டை வரிசையாக எழுதுங்கள். பில் கிடைக்கவில்லை என்றால் வெள்ளை ஈ.பி. கார்டில் ரீடிங் எழுதியிருக்கும். மின்வாரியத்தின் இணையதளத்திலும் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆறு பில்லிலும் 200-க்குள் என்றால் உங்களுக்கு இந்த அத்தியாயத்தில் அதிக வேலை இல்லை. நீங்கள் கட்டுவது 235 ரூபாய்க்குள். அதைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பொருள் வாங்குவது நஷ்டம். 250-லிருந்து 400 வரை என்றால் நிதானமாக, பொருள் பழுதாகும்போது நல்லதாக மாற்றினால் போதும். கோடையில் மட்டும் 500-ஐத் தாண்டி, மற்ற மாதங்களில் 350, 400 என்று நிற்கிற வீடு என்றால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 560 யூனிட் ஓட்டினால் பில் 2,544. அதில் 60 யூனிட்டைப் பிடித்து நிறுத்தினால் 1,805. மிச்சம் 739 ரூபாய். யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். 180 யூனிட் வீட்டுக்காரருக்கு அதே 60 யூனிட்டைக் குறைத்தால் 141 ரூபாய்தான் கிடைக்கும்.

மீட்டரின் சிவப்பு விளக்கு

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வாசலில் ஈ.பி. பெட்டிக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் மீட்டரே போதும். அதில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். முகப்பில் 3200 அல்லது 1600 போல ஓர் எண்ணும், அதை ஒட்டி ‘இம்ப்’ என்று ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கும். 3200 என்றால் அந்த விளக்கு 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிஜ் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபை பெட்டி, டி.வி. செட்டாப் பாக்ஸ், ஆக்வா கார்டு எல்லாம் ஆஃப். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். இப்போது மீட்டரைப் பாருங்கள். விளக்கு மினுக்கக் கூடாது. மினுக்கினால் ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது, அல்லது பக்கத்துப் போர்ஷனின் பாத்ரூம் விளக்கு உங்கள் மீட்டரில் மாட்டியிருக்கிறது. மூன்றாவது காரணம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். பழைய வீடுகளில், போர்ஷன் போர்ஷனாகப் பிரித்துக் கட்டிய இடங்களில், அது நிஜமாகவே உண்டு. கசிவு என்று சந்தேகம் வந்தால் நீங்களே ஸ்விட்ச் பாக்ஸைத் திறக்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பணத்தைவிட அது உயிர் சம்பந்தப்பட்டது.

மினுக்கல் நின்றபின் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணலாம். 3200 மீட்டரில், நிமிடத்துக்கு எத்தனை மினுக்கல் என்பதை 18.75-ஆல் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். (வேறு எண் இருந்தால் 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதைப் பெருக்க வேண்டும்.) ஹாலில் இருக்கிற சாதாரண சீலிங் ஃபேனை ஐந்தில் வையுங்கள். நிமிடத்துக்கு நாலு மினுக்கல் வரும், 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் ஐந்து நிமிடம் நின்று எண்ணினால்தான் எட்டு மினுக்கல் தேறும். அது 30 வாட். அயர்ன் பாக்ஸைப் போட்டவுடன் விளக்கு கிட்டத்தட்ட நொடிக்கு ஒருமுறை அடிக்க ஆரம்பிக்கும். 1 ஹெச்.பி. மோட்டாரும் அப்படித்தான், ஆனால் மோட்டார் அரை மணி நேரம் ஓடும். கீசரைப் போட்டுப் பாருங்கள். எண்ண முடியாத வேகத்தில் துடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை ஸ்விட்ச் பக்கம் நிறுத்திவிட்டு நீங்கள் மீட்டர் பக்கம் நின்று இதைச் செய்தால், பிறகு வீட்டில் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது. சூடாக்குவதும் குளிராக்குவதும் தண்ணீர் ஏற்றுவதும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. நாள் முழுக்க ஓடுவதால் ஃபேனும் அந்தப் பட்டியலில் சேர்கிறது. மற்றதெல்லாம் சில்லறை.

ஃபேன்

நம் வீடுகளில் ஃபேனை யாரும் செலவாக நினைப்பதில்லை. ஏ.சி. இல்லாத வீட்டில் பில்லின் பாதியை மூன்று ஃபேன்கள் எடுத்துக்கொள்ளலாம். 75 வாட் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 67 யூனிட். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 27 யூனிட்டில் முடிக்கும். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம்.

நல்ல பி.எல்.டி.சி. ஃபேன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 560 யூனிட் வீட்டில் அதிகம் ஓடுகிற இரண்டு ஃபேன்களை மாற்றினால் 80 யூனிட் குறைந்து 480-க்கு வருகிறது. பில் 2,544-லிருந்து 1,679. ஒரு பில்லுக்கு 865 ரூபாய் மிச்சம். எல்லாப் பில்லும் இதே அளவு என்றால் ஒன்றே கால் வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். கோடையில் மட்டும் தாண்டுகிற வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். 180 யூனிட் வீட்டில் ஒரு ஃபேனை மாற்றினால் பில்லுக்கு 94 ரூபாய். முதலைத் திரும்ப எடுக்க ஐந்து வருடத்துக்கு மேல். அந்த வீட்டுக்கு, இருக்கிற ஃபேன் கெட்டுப்போகும் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றுவது தேவையில்லாத ஆர்ப்பாட்டம். ராத்திரி படுக்கிற அறை, பகலில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஹால், இரண்டே இடம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேன் பழையதாகவே இருக்கட்டும். இன்னொன்று: பி.எல்.டி.சி. ஃபேனுக்குச் சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் கூடாது. அதைக் கழற்றி நேரடியாக ஸ்விட்சில் கொடுக்கச் சொல்லுங்கள். வேகத்தை ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும், ரிமோட் சோஃபா இடுக்கில் போய்விடும், அதற்கு நான் வழி சொல்ல முடியாது.

பழைய ஃபேனையே வைத்துக்கொள்பவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்கலாம். சுவரில் இருப்பது சதுரமாக, தொட்டால் சுடுகிற பழைய பெட்டி ரெகுலேட்டர் என்றால், வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அவ்வளவாகக் குறையாது; மிச்சம் அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றச் சில நூறு ரூபாய் போதும். அடுத்து, ஐந்தில் வைத்தும் காற்று வரவில்லை என்றால் ஃபேனைக் குறை சொல்லாமல் கன்டென்சரை மாற்றிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அதுதான் காரணம், விலையும் டீக்கடைக் கணக்குதான். றெக்கையின் மேல்பக்கத்துத் தூசியையும் துடைத்துவிடுங்கள்.

ஏ.சி.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக மணிக்கு 0.8 யூனிட் எடுக்கிறது என்று கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 6.4 யூனிட், 60 நாளில் 384. ஏ.சி. இல்லாமல் 300 யூனிட்டில் நிற்கிற குடும்பம் சித்திரை, வைகாசியில் கிட்டத்தட்ட 700-க்குப் போய்விடுவது இப்படித்தான்.

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்பாத வீடு குறைவு. ஏ.சி. அப்படி வேலை செய்வதில்லை. அறை 33 டிகிரியில் இருக்கும்போது நீங்கள் 18 என்று சொன்னாலும் 25 என்று சொன்னாலும் கம்ப்ரஸர் ஒரே மூச்சில்தான் ஓடும். 25-ஐத் தொட்டதும் அடங்குமா, 18-ஐத் துரத்திக்கொண்டு விடிய விடிய ஓடுமா என்பதுதான் வித்தியாசம். சென்னை மே மாதத்தில், மேல்தளத்து அறையில், அது 18-ஐத் தொடாமலே போகலாம். 2020-லிருந்து ஸ்டார் லேபிள் ஏ.சி.க்களைப் போட்டதும் 24 டிகிரியில் தொடங்குமாறு மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 24-லிருந்து 27-க்கு ஏற்றி, சீலிங் ஃபேனை இரண்டில் போட்டால், உடம்புக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். 384-ல் 65 யூனிட்டுக்கு மேல் குறையும். ஃபேன் போட்டால் ஏ.சி. காற்று வீணாகும் என்று சொல்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்; அவர்களை ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். அந்த நேரத்தில் லோடு குறைவுதான், இருந்தாலும் இரண்டு மாதத்தில் 60, 70 யூனிட் தேறும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். இதற்கு மெக்கானிக் வர வேண்டியதில்லை. கதவின் அடி இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைப்பது அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். வெளியே இருக்கும் யூனிட்டைச் சுற்றித் துணி காயப்போட்டு, சாமான் அடைத்து வைத்திருந்தால் காற்று போக வழி விடுங்கள்.

புதிதாக வாங்கும்போது ஸ்டாரைப் பார்த்து மயங்க வேண்டாம். லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. நீங்கள் கோடையின் 60 ராத்திரி, எட்டு மணி நேரம் மட்டும் போடுகிறவர் என்றால் உங்கள் கணக்கு 480 மணி. இரண்டு மாடல்களின் லேபிளுக்கு நடுவே 200 யூனிட் வித்தியாசம் இருந்தால் உங்களுக்கு அதில் 60 யூனிட்தான். யூனிட் 9.45 என்றாலும் வருடத்துக்கு 567 ரூபாய். விலை வித்தியாசத்தை இதனால் வகுத்துப் பாருங்கள், விடை வந்துவிடும். வருடம் பூராவும் ஏ.சி. ஓடுகிற வீட்டுக்கு ஐந்து ஸ்டார், கத்திரி வெயிலுக்கு மட்டும் என்றால் மூன்று ஸ்டாரே போதும் என்பது என் கட்சி. பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன் போதும். கடைக்காரர் ஒன்றரை டன்னைத்தான் தள்ளப் பார்ப்பார்.

மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் ஏ.சி.க்கு முன்னால் மொட்டைமாடியைக் கவனிக்க வேண்டும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பதினோரு மணிக்கும் கீழே சூட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். மாசி கடைசியிலேயே தரையைப் பெருக்கிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பை ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடியுங்கள். அடுத்த மழைக்காலத்தில் கொஞ்சம் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டியதுதான். வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டால் ஒரே தடவையோடு போகும், செலவு பெரிது. சொந்த வீட்டுக்கு டைல்ஸ், வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு. இரண்டும் முடியாது என்றால் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக ஒரு தட்டியாவது கட்டுங்கள். உள்பக்கத் திரைச்சீலை வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபிறகுதான் அதைத் தடுக்கிறது.

கீசர், ஃபிரிஜ், மோட்டார்

20 லிட்டர் வாளித் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க மூன்றில் ஒரு யூனிட் ஆகும். இது இயற்பியல், எந்தக் கம்பெனி கீசரும் இதைக் குறைக்க முடியாது. நாலு பேர் தினம் ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்தில் 80 யூனிட். ஷவர் என்றால் இன்னும் மேலே போகும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இது தவிர்க்க முடியாத செலவு, அங்கே சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றி யோசிக்கலாம். சமவெளியில் பங்குனியிலிருந்து ஆவணி வரை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. பழக்கதோஷத்தில் கீசர் ஸ்விட்சைத் தட்டுகிற வீடுகள், பாத்ரூமில் அதன் ஸ்விட்சுக்கு மேல் ஒரு டேப் ஒட்டிவிடலாம். மார்கழியிலும் குளிக்கப் போவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போட்டு, குளிக்க உள்ளே போகும்போதே அணைத்துவிடுங்கள்.

ஃபிரிஜ்ஜை ராத்திரி அணைத்துக் காலையில் போடுவது மிச்சமில்லை. ராத்திரி விட்ட குளிரைக் காலையில் திரும்பப் பிடிக்கக் கம்ப்ரஸர் ஓடித்தான் ஆக வேண்டும், நடுவில் மாவு புளித்துப் பாலும் கெடும். கதவு ரப்பரைச் சோதியுங்கள்: ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கதவைச் சுற்றி நாலு இடத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் கீழ் மூலைதான் போயிருக்கும். சுவரை ஒட்டி நிற்கிற ஃபிரிஜ்ஜை நாலு விரல்கடை முன்னால் நகர்த்துங்கள்.

மோட்டார் விஷயத்தில் தொட்டி வழிவதை எல்லோரும் கவனிப்பார்கள், சத்தம் கேட்கும். மெதுவாக ஏறுவதை யாரும் கவனிப்பதில்லை. தொட்டி காலியாக இருக்கும் ஒரு நாள், நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். முன்னே இருபது நிமிடத்தில் நிறைந்தது இப்போது முப்பத்தைந்து ஆகிறது என்றால் ஃபுட் வால்வு கசிகிறது, அல்லது உறிஞ்சு குழாயில் காற்று பிடிக்கிறது, அல்லது கிணற்று மட்டம் இறங்கிவிட்டது. முதல் இரண்டையும் பிளம்பர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்வார்.

காசைக் கரியாக்காதவை

கிரைண்டர், மிக்ஸி, செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு நான்கையும் நிம்மதியாக மறந்துவிடலாம். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட். அரை மணி நேரம் இட்லிக்கு அரைத்தால் 0.075 யூனிட். செட்டாப் பாக்ஸ் வேறு கதை. டி.வி.யை அணைத்தாலும் அது பத்து வாட் அளவில் விழித்துக்கொண்டே இருக்கும், 60 நாளில் 14 யூனிட். சுவர் ஸ்விட்சில் அணைத்தால் போயிற்று.

கண்காட்சியிலும் செல்போன் விளம்பரத்திலும் ‘பவர் சேவர்’ என்று ப்ளக்கில் சொருகும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். பச்சை விளக்கு எரியும், உள்ளே ஒரு கெப்பாஸிட்டர் இருக்கும், அவ்வளவுதான். அது சரிசெய்வதாகச் சொல்வது பவர் ஃபேக்டரை. வீட்டு இணைப்புக்குக் கட்டணம் ஓடிய யூனிட்டுக்கு மட்டும்தான். பவர் ஃபேக்டருக்கு இல்லை. வாங்கியவர் வீட்டில் பில் குறைந்தது என்றால் அந்த மாதம் மழை பெய்திருக்கும்.

இண்டக்‌ஷனா, சிலிண்டரா

14.2 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 120 முதல் 130 யூனிட் ஆகும். உங்கள் வீடு 300 யூனிட்டில் நிற்கிறது என்றால் அந்த 125 யூனிட்டின் பெரும்பகுதி 4.70 கணக்கில் விழும். 600 ரூபாய்க்கு அருகே முடியும். சிலிண்டர் அதைவிட விலை என்றால் இண்டக்‌ஷன் லாபம். 480-ல் நிற்கிற வீட்டில் அதே 125 யூனிட் உங்களை 605-க்குத் தூக்கிப் போடும். பில் 1,679-லிருந்து 2,927 ஆகும். அதாவது சமையலுக்கு மட்டும் 1,248 ரூபாய். ஒரே அடுப்பு, ஒரே சாம்பார். பக்கத்து வீட்டில் லாபம் என்று கேட்டு வாங்காதீர்கள்.

வாடகை வீடும் ரீடிங் தேதியும்

ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன், ஆளுக்கொரு சப் மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு உரிமையாளர் வாங்குகிற ஏற்பாடு ஊரெங்கும் உண்டு. ஆளுக்கு 200 யூனிட் என்று வையுங்கள். மெயின் மீட்டரில் 600 ஓடி 2,880 ரூபாய் வரும். மூன்று தனி இணைப்பாக இருந்தால் வீட்டுக்கு 235, மொத்தமே 705. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் காட்டுங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. இப்படிக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். தனி வீடாக இயங்குகிற போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் அவர்தான்.

ரீடிங் எடுக்க வருகிற தேதி தள்ளிப்போனால், நாலைந்து நாள் ஓட்டம் இந்தக் கணக்கிலேயே சேர்ந்து 500-ஐத் தாண்டிவிடக்கூடும். கோடையில் நாலு நாள் என்றால் நாற்பது யூனிட். போன தடவை ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, 55-வது நாள் மீட்டரைப் பாருங்கள். 470-ல் இருந்தால் மிச்ச நாளை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். அறுபதாம் நாள் யாரும் வரவில்லை என்றால் மீட்டரை, எண் தெளிவாகத் தெரியும்படி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ‘மின்னகம்’ 94987 94987 எண்ணில் புகார் பதிவு செய்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பில் வந்தபின் சண்டை போடுவதைவிட இது எளிது.

கூரையில் சோலார்

300 யூனிட் வீட்டின் பில் 705 ரூபாய். அதைப் பூஜ்யமாக்கச் சோலார் போடுவது ஆசைக்குச் சரி, கணக்குக்குச் சரியில்லை. 800 யூனிட் வீடு 4,770 கட்டுகிறது. அங்கே கதை வேறு. இங்குள்ள வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 240. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம்.

ஆனால் முதலில் ஃபேனையும் ஏ.சி.யையும் சரிசெய்து ஒரு கோடையைத் தாண்டிவிட்டு, பிறகு பேனல் அளவை முடிவு செய்யுங்கள். 800-ல் இருக்கும்போது கேட்டால் நிறுவனத்தார் மூன்று கிலோவாட் சொல்வார்கள். நீங்கள் 600-க்கு இறங்கிவிட்டால் ஒரே கிலோவாட் போட்டு, அதன் 240 யூனிட் முழுதும் கழிந்து, 360-ல் நிற்கலாம். பில் 987.

ஆர்டர் கொடுக்கும் முன் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பேனல் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். தெற்கே இருக்கிற தொட்டியின் நிழல் மார்கழி, தை மாதங்களில் நீளும் என்பதால், மே மாதத்தில் பார்த்த இடத்தை நம்பிவிட முடியாது. ஒரு பேனலின் மூலையில் விழுகிற நிழல் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடும். தொட்டியை வடக்குப் பக்கம் நகர்த்த எவ்வளவு ஆகும் என்று பிளம்பரிடம் விலை கேட்டுவிட்டு, அதையும் சோலார் செலவோடு சேர்த்துக் கூட்டுங்கள்.